தோற்றவர் பேசும் மைக்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை இங்கே மூன்று பேரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று சிரிக்காதே. போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் என் பேச்சையும் சேர்த்து அவரே பேசி முடித்துவிடுகிறார். அதனால் வேலையில் டீ குடிக்கிற நேரத்தில், ஆஸ்பத்திரிச் சலவை அறையில், மடித்து அடுக்கிய போர்வைகளின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனாலும் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போகிறவன் தலையெழுத்து எல்லா இடத்துக்கும் படியேறித்தான் போகணும் என்று தினமும் புலம்பல்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி இளைஞர் மன்றத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். சைக்கிள் கடை மாடியில் இருக்கிற அந்த இரண்டு அறைதான் உன்னை ஆளாக்கியது என்று நீயே சொல்வாய். சனிக்கிழமை டேபிள் டென்னிஸ் முடிந்ததும் ஜெயித்தவர் மேசையை மடித்து வைக்க வேண்டும், தோற்றவர்தான் மைக்கைப் பிடித்து எப்படித் தோற்றேன் என்று சொல்ல வேண்டும், எவ்வளவு நேரமானாலும் மற்றவர்கள் குறுக்கே பேசாமல் காத்திருக்க வேண்டும். முதல் தடவை நீ மைக்கிலேயே ஓவென்று அழுதாய். பிறகு தோற்றதைக் கதைகதையாகச் சொல்லப் பழகிவிட்டாய். இப்போது ஆபீசில் ஒரு வேலை சொதப்பினால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்ளும்போது நீ ஒருத்திதான் எழுந்து எங்கே தவறியது என்று சொல்கிறாயாம், அதனால்தான் உன்னிடம் பொறுப்பைக் கொடுத்தார்களாம். நீ அப்படிப் பேசி அனுப்பிய வீடியோவை மன்றத்தை நடத்துகிற நம்ம விசில் மாஸ்டர் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார். எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதே மைக் முன்னால் உன் தம்பி போய் நின்றால், இவன் அக்கா யாரு தெரியுமில்ல என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அவன் பேச நேரம் எடுக்கிற பிள்ளை என்பது உனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு ஆட்டத்தில் தோற்றுவிட்டு மைக்கோடு நின்றிருக்கிறான். கூட்டிவரப் போன உன் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விறுவிறுவென்று போய் மைக்கை வாங்கி, இவன் நல்லாத்தான் ஆடுவான், கொஞ்சம் பயந்த சுபாவம், இவங்க அக்காவும் முதல்ல இப்படித்தான் இருந்தா, போகப் போக சரியாயிடுவான் என்று அவன் தோல்வியை இவர் பேசிவிட்டார். எல்லோரும் கை வேறு தட்டினார்களாம். தம்பி படியிறங்கி வந்துவிட்டான். மாஸ்டர் பிறகு என்னிடம், இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா பேசியிருப்பாம்மா, வாயைத் தொறந்துட்டான், நான் பாத்தேன் என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அப்பாவிடம் சண்டை போட்டேன், நான் என்ன கெட்டதா சொல்லிட்டேன் என்கிறார், அந்த முகத்தைப் பார்த்தால் மேற்கொண்டு திட்டவும் மனசு வரவில்லை. தம்பியிடம் கெஞ்சினேன், விடும்மா என்கிறான். இவர் கூடத்தில், அவன் அறையில், நடுவில் நான் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கிறேன். மன்றத்துக்குப் போனால் பிள்ளைகள் முன்னேறும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான், இப்போது யாரிடம் போய் என்ன கேட்பேன்.

இதற்கிடையில் மன்றத்து ஆண்டு விழாவுக்கு உன்னைத்தான் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடப் போகிறார்கள். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், அவ கட்டாயம் வருவா என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போனில் டிக்கெட் பற்றிப் பேசுவார். இது தம்பி காதிலும் விழுந்துவிட்டது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து, அக்காவைப் பாக்கணும்னு எனக்கும்தான் இருக்கு, ஆனா அன்னிக்கு என்னையும் மேடையில ஏத்துவாங்க, அதுக்கு முன்னாடி நான் எங்கயாவது போயிடுவேன்மா என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னான். அவன் அறைக் கதவுக்குப் பின்னால் துணிப்பை தயாராக இருக்கிறது. பார்த்தும் பார்க்காததுபோல் பெருக்கிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு மட்டும் வந்துவிட்டுப் போ என்று சொல்லலாம்தான், ஆனால் வந்த கையோடு அப்பா உன்னை அந்த மாடிக்கு இழுத்துக்கொண்டு போவார் என்று உனக்கே தெரியும். உன்னைக் கண்ணால் பார்த்து எத்தனை காலமாயிற்று. பெற்ற பிள்ளையை வராதே என்று எழுதுகிற நிலைமை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. ஆனாலும் எழுதுகிறேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை வராதே கண்ணு.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு, தொட்டதெல்லாம் உனக்குக் கூடி வரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்கும்போது லீவு கிடைக்கவில்லை என்று நீயாகவே சொல், நான் எழுதியது தெரிய வேண்டாம். பெத்தவளைப் பாக்கக்கூட உனக்கு நேரமில்லையாடி என்று நான் பக்கத்திலிருந்து கத்துவேன், அழுதாலும் அழுவேன். அது நடிப்பாக இருக்காது. ஆனாலும் நீ மனசு இளகி வருகிறேன் என்று சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா