தாய்மாமன் மடி

அம்மாவுக்கு, பச்சமுத்து எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் பெங்களூரில் நன்றாகத்தான் இருக்கிறேன், லாரிதான் ஓட்டுவதில்லை.

அக்கா புருஷன் தீனதயாளன் ஊற்றிக் கொடுத்து, "கர்நாடகா கேஸு நம்மூரு லைசென்ஸை இன்னா பண்ணும் மச்சான்?" என்றான். நம்பி வண்டியை எடுத்தேன், போலீஸில் மாட்டினேன். போலீஸுக்குப் போன் போட்டவனும் அவனே, பின்னொரு நாள் போதையில் என்னிடமே உளறிவிட்டான். கள்ளக்குறிச்சியில் எடுத்த லைசென்ஸை ஆறு மாதம் முடக்கிவிட்டார்கள். நம்மூரிலும் ஓட்டக்கூடாதாம். என் லாரியை இப்போது அவன் ஓட்டுகிறான், நான் கழுவுகிறேன்.

தையில் அவன் பிள்ளைக்குக் காதுகுத்தாமே? தாய்மாமன் மடி வேண்டுமே! பந்தலில் எல்லோர் முன்னாலும் செய்ததைச் சொல்லட்டும், உட்காருகிறேன். அதுவரை பிள்ளை மூளிக் காதோடு இருக்கட்டும். அக்கா அழுதாலும் இரங்காதே.

இங்கே புளி சரியில்லை. கரியாலூர் புளி கொஞ்சம் அனுப்பு.

லாரி சின்னசேலம் கிளம்புகிறது. கடிதத்தை அவனிடமே கொடுக்கிறேன். வேண்டுமென்றேதான் ஒட்டவில்லை, வழியில் படிக்கட்டும்.