மூன்றாவது ஸ்விட்ச்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நலமாக இருக்க வேண்டும். அப்பாவும் நலம் என்று வழக்கம்போல் எழுத வந்தேன், கை போகவில்லை. போனில் சொல்லத் தைரியமில்லை, அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

குணமாக்க முடியாதவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இடம் இது, ஆனால் அப்பாவிடம் நாம் என்ன சொல்லி வைத்திருக்கிறோம், உடம்பு தேறும்வரை ஓய்வு என்றுதானே. நேற்று நர்ஸ் ஒவ்வொரு கட்டிலாக உட்கார்ந்து மெதுவாகக் கேட்டுக்கொண்டு வந்தாள், தங்கள் காலத்துக்குப் பிறகு கண்களைத் தானமாகத் தர விருப்பமா என்று. வேண்டாமென்றால் அதோடு விட்டுவிடுகிறாள். நம் கட்டிலை மட்டும் தாண்டிப் போனாள். நான்தான் முன்பே கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தேன், கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று. பக்கத்துக் கட்டில் தையற்காரர் சரி என்று தலையாட்டினார். கண்மூடிப் படுத்திருந்த அப்பா திடீரென்று, ஏம்மா, எல்லாரையும் கேக்குற, என் கண்ணு மட்டும் என்ன ஊசிப் போச்சா என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. உங்களுக்கு எதுக்கு அதெல்லாம், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கண்ண யாரு வாங்குவாங்க என்று உளறினேன். நர்ஸ் தரையைப் பார்த்தபடி சொன்னாள், கண்ணாடி போட்டிருந்தாலும் பரவாயில்லை, இந்த நோயும் தடையில்லை, கருவிழி தெளிவாக இருந்தால் போதுமாம். அப்பா என்னைப் பார்த்தார். நான் என்ன இங்க விருந்துக்கா வந்திருக்கேன், எனக்குத் தெரியாதாடி என்றார்.

எல்லாம் தெரிந்திருக்கிறது. நமக்காக நடித்திருக்கிறார். கண்களைத் தருவதாக நர்ஸிடம் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பிறகு உன்னைப் பற்றித்தான் பேச்சு. எனக்குத் தெரியும்னு அவகிட்டயும் சொல்லிடு, பாவம், போன்ல சிரிச்சுச் சிரிச்சு அவளுக்கு வாய் வலிக்கும் என்றார்.

மூச்சு நின்றதும் நான் செய்ய வேண்டியதை நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும், காற்றில் கண் காய்ந்துவிடுமாம். எது ஃபேன் ஸ்விட்ச் என்று எனக்குப் பிடிபடவே இல்லை, ஒவ்வொரு முறையும் விளக்கைத்தான் அணைக்கிறேன். அப்பாவே படுத்தபடி சொல்லித்தந்தார். மூணாவது, மூணாவது, நான் ஓட்டின பஸ்ஸ உனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்திருந்தா ஊரே காலி என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன் பாப்பா. பிறகு குழாயைத் திறந்துவிட்டுக் கழிவறையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒன்று கேள். லீவு கிடைத்ததும் வருகிறேன் என்கிறாய். மூச்சு நின்ற சில மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துவிட வேண்டுமாம். உனக்காக நிறுத்தி வைக்கச் சொல்ல மாட்டேன், அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு வந்தால் மூடிய இமைகளைத்தான் பார்ப்பாய். அவர் உன்னைப் பார்க்க முடிகிறபோதே வா. வந்து சிரிக்க வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. சின்னவனுக்கு முத்தம். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு. இருவர் என்று இன்று எழுத முடிகிறது.

ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது.

உன்
அம்மா