வடக்குத் தலைமாட்டுக் கட்டில்களும் ஆள் மாறிப் போடப்பட்ட ஊசியும்

அனுப்புநர்:
சு. கோமதிநாயகம்,
மாட்டுங்கா லேபர் கேம்ப்,
தாராவி, மும்பை.

பெறுநர்:
திருமதி பானுமதி அவர்கள்,
செவிலியர் கண்காணிப்பாளர்,
அறக்கட்டளை மருத்துவமனை,
செம்பூர், மும்பை.

பொருள்: ஆண்கள் எலும்பு முறிவு வார்டில் ஒருவருக்குரிய ஊசி மற்றொருவருக்குப் போடப்பட்டது – வரும் செவ்வாய்க்கிழமைக்குள் தடுப்பு நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எழுத்துகள் கோணலாகவும் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகவும் இருப்பதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுபது வயதுக்கு மேல் எங்கள் கேம்ப்பில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படித்தவன் நான். இதுவரை பிறர் எழுதிய மனுக்களின் கீழே பெருவிரலை வைத்திருக்கிறேன். இது முழுக்க என் கையால் எழுதுவது. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று வார்டில் சொன்னார்கள். கேட்டதும் மனம் குளிர்ந்துவிட்டது. எழுதும் காரியம் கவலைக்குரியது. ஆனாலும் ஒரு வரி முடியும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் வருகிறது. அதையும் பொறுத்துக்கொள்ளவும்.

1. என் தம்பி வேல்ராஜ் இடுப்பெலும்பு முறிந்து தங்கள் மருத்துவமனையில் இருக்கிறான். அவனுக்குக் கொடுத்த கட்டில் வடக்குச் சுவரை ஒட்டிய வரிசையில் இருந்தது. அதில் படுத்தால் தலை வடக்கே இருக்கும். எங்கள் ஆட்கள் வீட்டிலேயே அப்படிப் படுக்க மாட்டோம். நோயாளியை அப்படிக் கிடத்தினால் எழுந்திருக்க மாட்டான் என்ற பயம் எங்களுக்கு உண்டு. தம்பி மனைவி மாரீஸ்வரி அழுதுவிட்டாள். எதிர் வரிசையில் கை முறிந்து படுத்திருந்த ஜெயினுலாப்தீன் என்பவர், “எனக்கு வடக்கென்ன, தெக்கென்ன? ஃபேன் காத்து வந்தாச் சரி. அண்ணாச்சியைத் தூக்கி இங்கெ போடுங்க” என்று தன் கட்டிலைக் கொடுத்தார். வார்டு பாய் இருவரையும் மாற்றிப் போட்டார். கட்டில்களுக்கு மேலே இருந்த பெயர்ப் பலகைகளை யாரும் மாற்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

2. ஜெயினுலாப்தீனுக்குச் சர்க்கரை நோய் உண்டு. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போடுவார்கள். என் தம்பிக்கு அந்த நோய் கிடையாது. சென்ற திங்கட்கிழமை அவனுக்கு ஆபரேஷன் என்பதால் காலையிலிருந்து வெறும் வயிற்றில் கண்மூடிக் கிடந்தான். கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டையை டிரிப் ஏற்றுவதற்காக வெட்டி எடுத்தவர்கள், வேறு பட்டை கட்டவில்லை. ஜெயினுலாப்தீனை எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோயிருந்தார்கள்.

3. ஊசியோடு வந்த சிஸ்டர் வந்தனா பலகையைப் பார்த்துவிட்டு, “இது ஜெயினுலாப்தீன் பெட்தானே?” என்று கேட்டார். மாரீஸ்வரி, “ஆமா சிஸ்டர், அவுக பெட்டுதான்” என்றாள். கேட்டதிலும் பொய் இல்லை, சொன்னதிலும் பொய் இல்லை. ஊசி என் தம்பியின் உடம்பில் இறங்கியது.

4. சற்று நேரத்தில் அவனுக்குச் சட்டை நனைய வியர்த்தது. கை நடுங்கியது. என்னை யார் என்று கேட்டான். ஆபரேஷன் பயம் என்று நினைத்து நான் விசிறிக்கொண்டிருந்தேன். அப்போது சக்கர நாற்காலியில் திரும்பி வந்த ஜெயினுலாப்தீன், “சோறு வந்துட்டு, என் ஊசி எங்கெ சிஸ்டர்?” என்று கேட்டார். அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. “ஐயோ, நான் ஆள் மாத்திப் போட்டுட்டேன், டாக்டரைக் கூப்பிடுங்கோ!” என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே குளுக்கோஸ் எடுக்க ஓடினார். தன் மேல் பழி வரும் என்று ஒரு நொடி வாயை மூடியிருந்தால், இந்த மனுவை நான் வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும். என் தம்பி பிழைத்தான்.

5. மறுநாள் முதல் சிஸ்டர் வந்தனா வரவில்லை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்கிறார்கள். அன்றிலிருந்து வார்டு மாறிவிட்டது அம்மா. என்ன ஊசி என்று கேட்டால் பதில் வருவதில்லை. நேற்று ஒரு சிஸ்டர், எதிர் வரிசையில் இன்னொருவரின் உள்ளங்கையில் தான் வைத்த மாத்திரையைத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, வேறொன்றை வைத்துவிட்டுப் போனார். ஏன் மாற்றினார் என்று சிஸ்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இப்போது அங்கே தவறு நடந்ததாக யாரும் சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

6. கட்டில் மாற்றக் கூடாது என்று இப்போது அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய அன்றே, கோவண்டியிலிருந்து வந்த ஒரு பெரியவரை அவர் மகன்கள் வடக்கு வரிசையிலிருந்து சத்தமில்லாமல் மாற்றிவிட்டார்கள். முன்பு கேட்டுவிட்டு மாற்றினோம். இப்போது மறைத்து மாற்றுகிறோம்.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

வடக்கு வரிசைக் கட்டில்களைத் தலைமாடு மாற்றித் திருப்பிப் போட உத்தரவிட வேண்டுகிறேன். பலகையும் கட்டில் எண்ணும் பார்த்து மருந்து கொடுப்பதை நிறுத்தி, நோயாளியின் வாயால் பெயரைச் சொல்லச் செய்து, கைப்பட்டையோடு ஒத்துப் பார்த்த பிறகே கொடுக்கச் செய்ய வேண்டுகிறேன். வெட்டிய பட்டைக்குப் பதில் அப்போதே வேறு பட்டை கட்ட வேண்டும். என் தம்பி கையில் இன்னும் பட்டை இல்லை.

சிஸ்டர் வந்தனாவைத் திரும்ப வேலைக்கு அழைக்கவும் வேண்டுகிறேன். பாதிக்கப்பட்டவனின் அண்ணன் நான். அவரைத் தண்டிக்கும்படி நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் கத்தியதற்குக் கிடைத்த பலனைப் பார்த்தவர்கள் அடுத்த முறை கத்த மாட்டார்கள்.

தள்ளிவைத்த ஆபரேஷன் வரும் செவ்வாய்க்கிழமை நடக்கும் என்கிறார்கள். அன்றும் அவனை வெறும் வயிற்றில், அதே பலகைக்குக் கீழே, அதே கட்டிலில் கிடத்தியிருப்பார்கள்.

அடுத்த வாரமும் தங்களுக்கு எழுதுவேன். அதில் என்ன எழுத வேண்டியிருக்கும் என்பது தங்கள் கையில் இருக்கிறது.

இடம்: தாராவி, மும்பை
நாள்: 14.11.2024

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
சு. கோமதிநாயகம்
(நோயாளி வேல்ராஜின் அண்ணன்)