விஷு லோடு கழியட்டும்

விஷுவுக்கான கொன்றைப் பூ வந்து இறங்கிவிட்டது. ஈரச் சாக்கை விலக்கியதும் மட்டாஞ்சேரி ஷெட் முழுக்க மஞ்சள். எனக்கு முதலில் எட்டுவது என்னவோ பக்கத்தில் குவிந்து கிடக்கும் கறிவேப்பிலையின் வாசனைதான். அது வந்தால் நீயும் வந்துவிடுகிறாய், கூட்டாளி. வளைகுடாவுக்குக் காய்கறிப் பெட்டி கட்டி நாம் இருவரும் முடி நரைத்த ஷெட் அல்லவா இது!

முன்பு நம் சரக்குக்கு என்ன மரியாதை இருந்தது? பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில், அவர்களுடைய பெட்டிகளுக்குப் போக மிச்சமான இடத்தில் ஒண்டிக்கொண்டு போகும். இடம் போதவில்லை என்றால் நெடும்பாசேரி விமான நிலையத்திலேயே இறக்கி வைத்துவிடுவார்கள். பெருந்தொற்றில் பயணிகள் பறப்பது நின்றபோது நம் கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம். நடந்தது வேறு. வெறும் பெட்டிகளுக்காகவே விமானங்கள் கிளம்பின. மருந்தும் முகக்கவசமும் காய்கறியும்தான் அன்று பெரிய மனிதர்கள். வாடகை கண்மண் தெரியாமல் ஏறியது. ஆனாலும் அங்கே வாங்க ஆள் இருந்தது. நம்மை அலைக்கழித்த ஏஜென்ட் தானாகவே போன் செய்து, "சேட்டா, இன்னு எத்ர பெட்டி?" என்று அன்றன்றைய பெட்டிக் கணக்கைக் கேட்டுக் குழைந்தான்.

ஒரு நாள் அவனே ஒரு படம் அனுப்பினான். ஆட்கள் உட்காரும் இருக்கைகளில் வரிசையாகப் பெட்டிகள். மேலே வலை போட்டு இறுக்கியிருந்தார்கள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"முருங்கைக்காய் ஜன்னல் சீட்டுல உக்காந்து போகுது, பாத்தியாடா?"

பிறகு உன் முகம் மாறிவிட்டது. உன் மகள் வளைகுடாவில் நிறைமாதம். தாயில்லாத பெண். பிரசவத்துக்கு நானே வந்து நிற்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாய். "காய்க்கு எடம் இருக்கு. எனக்கு இல்ல" என்றாய். அந்த மழைக்காலத்தில் பேத்தியின் முகத்தைப் போனில்தான் பார்த்தாய்.

அதற்குப் பிறகுதான் ரப்பர் பேண்டை விட்டுவிட்டு வாழைநாரால் கறிவேப்பிலை கட்டத் தொடங்கினாய். நீ கட்டும் கட்டுக்கு ஒரு லட்சணமும் இருக்காது. முடிச்சுக்குக் கீழே நார் நீளமாகத் தொங்கும். "இதென்னடா குரங்கு வாலு?" என்று கத்தரிக்கப் போவேன். கையைத் தட்டிவிடுவாய். நம் சரக்கு இறங்கும் கடையில்தான் உன் மகள் காய் வாங்குகிறாள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவள் போனில் ஒரு கட்டைத் தூக்கிக் காட்டினாள். "அப்பா, உங்க வாலு வந்து சேந்துடுச்சு!" அன்று முழுக்க நீ யாரையும் திட்டவில்லை.

குளிர்காலத்தில் பயணிகளுக்கும் வழி திறந்தது. அப்போதே நீ போயிருக்க வேண்டும். ஆனால் அப்படி ஒரு வியாபாரம் நமக்கு அதுவரை வாய்த்ததில்லை. விட மனம் வரவில்லை, உனக்கும் எனக்கும். கிறிஸ்துமஸ் போயிற்று. "விஷு லோடு ஒண்ணு கழியட்டும்டா. கையோட கிளம்பிடறேன். மோளையும் பேத்தியையும் பாக்கணும்" என்றாய். விஷு கழிந்த சில நாட்களில் வழி மறுபடியும் அடைபட்டது. அடுத்த மாதம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. பிளாஸ்டிக்கில் சுற்றிய உன்னை நான் தூரத்தில் நின்று பார்த்தேன்; உன் மகள் போனில் பார்த்தாள். அன்றைக்கும் நம் பெட்டிகள் பறந்துதான் போயின. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இன்று காலை நம் வண்டி டிரைவர் வந்து தலையைச் சொறிந்தான். "அண்ணே, ஊர்ல பொண்டாட்டிக்குப் பிரசவ நேரம். லீவு வேணும்." விஷு சமயத்தில் டிரைவர் இல்லையென்றால் என் பாடு திண்டாட்டம். லோடு கழியட்டும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "இப்பவே போ" என்றேன். வண்டியை நானே ஓட்டிக்கொள்கிறேன்.

கொன்றைக் கொத்துகளில் ஒன்றை மட்டும் வாழைநாரால் கட்டி, வாலை வெட்டாமல் விட்டிருக்கிறேன். உன் மகளுக்கென்று அதை எடுத்து வைக்கும்படி அங்கே அந்தக் கடைக்காரரிடம் சொல்லியாயிற்று. வருடா வருடம் இப்படித்தான். விஷுக் காலையில் கணி வைத்தால் உன் பேத்தி பூவைப் பார்ப்பதில்லையாம். "தாத்தா வாலு" என்று அந்த நாரைத்தான் பிடித்து இழுக்கிறாளாம். அதை நீயே அவள் கையில் கொடுத்திருக்கலாம், கூட்டாளி. அந்தக் குளிர்காலத்தில் விமானத்தில் உனக்கும் இடம் இருந்தது.