ஏறாதீர்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

நானும் நலம், என் கழுத்து வலியும் நலம். அண்ணி கைச் சமையலில் நீ இன்னும் இரண்டு கிலோ ஏறியிருப்பாய். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் காகிதம். நம் கம்பெனி சரக்கு வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும்.

நீ ஏணி செய்கிற இடத்தில் இருக்கிறாய். நான் அதே ஏணிக்கு இணையத்தில் வருகிற புகார்களுக்குப் பதில் எழுதுகிறேன். "ஊர் உலகத்துக்கிட்ட மன்னிப்புக் கேக்குறது ஒரு உத்தியோகமா?" என்று சிரிப்பாயே, ஒரு நாள் வந்து பார். பதினைந்து நிமிடத்துக்குள் முதல் பதில் போயாக வேண்டும். வருந்துகிறோம் என்று எழுதலாம், தவறு என்று மட்டும் எழுதக் கூடாது. கோபமாக வருகிறவரை, விசேஷ வீட்டில் சண்டை பிடிக்கிற மாமாவைப் போல, நைசாகத் தனியே கூட்டிப் போய்விட வேண்டும்.

நேற்று ஒரு டெய்லரம்மா எழுதியிருந்தார். மேல் அலமாரியில் துணி எடுக்க நம் மடக்கு ஏணியில் ஏறினாராம். ஏணியை விரித்து நிறுத்துகிற கொக்கி நழுவி, ஏணி மடங்கி, விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் படம் போட்டிருக்கிறார். ஒரு வசவு இல்லை. "இன்னொருத்தர் விழக் கூடாதுன்னு எழுதுறேன்," அவ்வளவுதான். நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். எண் ஏறுவதைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

விசாரிக்கிறோம் என்று மட்டும் பதில் போட்டிருக்கிறேன். அவர் தப்பாகப் பயன்படுத்தினார் என்று எழுதச் சொல்கிறார் மேலாளர். ஆனால் அந்த ஏணியில் இருப்பது உன் சோதனை முத்திரை. அதனால் உன்னையே கேட்கிறேன், அந்தக் கொக்கி சரிதானா?

உன் தங்கை,
வாலு

பிப்ரவரி 4

அன்புத் தங்கச்சி வாலுவுக்கு,

என் தொந்தியைக் கேலி செய்யாதே. கம்பெனி எனக்குச் சம்பளம் தருவதே அதற்குத்தான். இருபது ஏணிக்கு ஒன்றை எடுத்து, உச்சிப் படியில் ஏறி மூன்று தடவை குதிக்கிறேன். நூற்றெட்டு கிலோ குதித்தும் அசையாத கொக்கி ஒரு டெய்லரம்மாவுக்கா நழுவும்? பாதி விரித்தபடி சுவரில் சாய்த்து ஏறியிருப்பார். நான் குதிக்காத ஏணிக் கட்டு இந்த வாசலைத் தாண்டாது. தைரியமாகப் பதில் போடு.

அது கிடக்கட்டும், நாற்பதாயிரம் பேரா? இங்கே நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அடுத்த மெஷின்காரனுக்குக் கேட்காது. நீ ஒரு விரலால் தட்டுவதை அத்தனை பேர் படிக்கிறார்களா? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அண்ணியிடம் பெருமையாகச் சொன்னேன்.

உன் அண்ணன்

பிப்ரவரி 7

அண்ணா,

உன் வார்த்தையை நம்பிப் போட்டேன். "முழுமையாக விரிக்காமல் பயன்படுத்தியதே காரணம்" என்று. டெய்லரம்மா இடது கையால் தட்டிப் பதில் எழுதினார். "பதினெட்டு வருஷமா ஏணியில ஏறி இறங்குறேன். விரிச்சுட்டுத்தான் ஏறினேன். நான் பொய் சொல்லலைங்க."

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்? ஒரு பெயின்டர் தன் ஏணியின் கொக்கியைப் படமெடுத்துப் போட்டார். பிறகு ஒரு நூலகர். ஒரு கல்லூரிப் பெண், அவளுடைய அப்பாவின் ஏணி. இதுவரை பதினொரு படங்கள், எல்லாவற்றிலும் கொக்கி ஒரே இடத்தில் வளைந்திருக்கிறது. யாருக்கும் யாரையும் தெரியாது. முகம் பார்த்திராத ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லுக்காக ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள். இந்த வேலையில் நான்கு வருடம் வசவுதான் வாங்கியிருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அந்த ஏணிகளின் வரிசை எண்களைச் சரிபார்த்தேன். பதினொன்றும் ஒரே வாரத்து ஏணிகள், உன் முத்திரை. உன்னைத் திட்டவில்லை, அண்ணா. ஆனால் அவரைப் பொய்க்காரி ஆக்கியது என் விரல். என்னிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லேன்.

வாலு

பிப்ரவரி 10

அண்ணா,

உன் கடிதத்துக்காகக் காலையில் வண்டியடியில் காத்திருந்தேன். டிரைவர் கையை விரித்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே வந்து திரையைத் திறந்தால், அங்கே நீ. டெய்லரம்மாவின் புகாருக்குக் கீழே, உன் படத்தோடு, உன் சொந்தப் பெயரில்.

"அந்த ஏணிங்களைச் சோதிச்சவன் நான்தாம்மா. அந்த வாரம் முழங்கால் வலி, ஏறவே முடியல. வெளியில சொன்னா வேற ஆளைப் போட்டுருவாங்கன்னு பயந்து, குதிக்காமலே முத்திரை குத்திட்டேன். நீங்க சரியாத்தான் ஏறியிருக்கீங்க. பொய் சொன்னது நான். தயவுசெஞ்சு யாரும் அதுல ஏறாதீங்க."

மேலாளர் பின்னால் வந்து நின்றார். "அதை மறைச்சிடும்மா, சீக்கிரம்." ஒரே ஒரு பொத்தான். அமுக்கினால் உன் வேலை ஒருவேளை தப்பியிருக்கும். உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், விரல் அதன்மேல்தான் இருந்தது. உன் பிள்ளைகள், அண்ணி, எல்லாரும் கண்முன் வந்தார்கள். ஆனால் அந்த வரிகளை மறுபடி படித்தபோது மெய்சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் உன்னை அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறேன், நீ இவ்வளவு பெரிய ஆள் என்று எனக்குத் தெரியாது.

கம்பெனியின் பெயரில் உனக்குக் கீழே எழுதினேன். "இவர் சொல்வது உண்மை. நாங்கள் எழுதியது தவறு. இந்த ஏணியில் ஏறாதீர்கள்." மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மதியத்துக்குள் மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது, அந்த ஏணிகள் அத்தனையையும் திரும்பப் பெறுகிறார்கள். நாளை மறுநாள் நம் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கென்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாயங்காலம் டெய்லரம்மா உனக்குப் பதில் எழுதினார். பக்கத்து மேசைக்காரர்கள்கூட எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். மேலாளரும் பார்த்தார்.

"தம்பி, முழங்காலை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

இதற்கு என்ன எழுதுவதென்று இந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் கேட்டிருப்பதும் எங்களை இல்லை. நீயே பதில் சொல், அண்ணா.

உன் தங்கை