கருவியில் குறையில்லை

சாந்தோம்,

காதுக் கருவிக்காகக் காது அச்சு எடுக்கும் பசையின் வாசனை இன்று காலையிலிருந்து என் விரலை விட்டுப் போகவில்லை. இரண்டு டப்பாவிலிருந்தும் சம அளவு எடுத்து, உள்ளங்கையில் பிசைந்து, இறுகிப்போவதற்குள் காதுக்குள் செலுத்த வேண்டுமே, அந்த இளஞ்சிவப்புப் பசைதான். "பல் டாக்டர் கர்சீஃப் மாதிரி நாறுதுடி" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடுவாய். இன்று அச்சு எடுத்தது யாருக்குத் தெரியுமா? விக்கிக்கு. பதினேழு வயதாகிவிட்டது. மீசை வந்துவிட்டது. கல்லூரியில் சேரப் போகிறான்.

மேஜைமேல் கவுன்சிலின் புதிய சுற்றறிக்கை கிடக்கிறது. இப்போதெல்லாம் போனில்தான் வருகிறது. அச்செடுக்காத விதி விதியே இல்லை என்பது உன் கட்சியாயிற்றே, அதற்காகவே எதிர்க்கடையில் அச்செடுத்து வந்தேன். பதினான்கு பக்கம். பேச்சுப் பயிற்சி தருபவர்கள், காது பரிசோதிப்பவர்கள் எல்லாரும் புதிய பதிவேட்டில் மறுபடி பதிய வேண்டுமாம். பழைய சான்றிதழ்களைத் தேடி எடுக்க வேண்டுமாம். கருத்தரங்குக்குப் போய்ப் புள்ளி சேர்க்கிற சமாச்சாரமும் தொடர்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: நோயாளி கேட்டால் கோப்பின் முழு நகலையும், எதையும் நீக்காமல், தர வேண்டும். அந்த வரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

ராயப்பேட்டையில் மருந்துக்கடைக்கு மேலே இந்த இரண்டு அறையைப் பிடித்தபோது நமக்கு என்ன தெரியும்? நீ பேசக் கற்றுத் தருபவள், நான் கேட்கிறதா என்று பார்ப்பவள். அவரவர் வீடு இருக்கும் பேட்டையை வைத்து, உன்னைச் சாந்தோம் என்று நானும், என்னை மயிலாப்பூர் என்று நீயும் கூப்பிட்டுக்கொண்டோம். பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் என்று ஒரு வாரம் சண்டை போட்டு, கடைசியில் இரண்டு பெயரையும் விட்டுவிட்டோம்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆட்கள் குறைவாக இருக்கும். அந்த வாரம் கவுன்சிலிலிருந்து ஏதாவது வந்திருந்தால், உனக்குக் கொண்டாட்டம்தான். மாதா கோயிலில் பைபிள் வாசகம் படிப்பவள் அல்லவா நீ? அதே மாதிரி எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, புதுப்பிக்கும் கட்டணம், கடைசித் தேதி, இணைக்க வேண்டிய புகைப்படத்தின் அளவு வரை ராகமாகப் படிப்பாய். முடிவில் காகிதத்தை உயர்த்திப் பிடித்து, "இது கவுன்சில் வழங்கும் அருள்வாக்கு" என்பாய். கோயிலில் எல்லாரும் சொல்வதுபோல நான் "இறைவா உமக்கு நன்றி" என்று பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருப்பாய். "போடி, வேலையத்தவளே" என்பேன். இருபது வருடத்தில் ஒருமுறைகூட அதை நான் சொன்னதில்லை.

விதிகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதியது நம் கிளினிக்குக்கு எதற்கு என்று கத்துவேன். அப்போதுதான் ஒரு சுற்றறிக்கை வந்தது: காது பரிசோதிக்கும் கருவியை ஆண்டுதோறும் வெளியாள் ஒருவரிடம் காட்டி, சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்ட வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"என் காதைவிடவா சர்டிபிகேட் ஒசத்தி?" என்று கேட்டேன்.

"உன் காது ஒசத்திதான். அதுக்கு யாரு சர்டிபிகேட் குடுத்தா?" என்றாய்.

என் திமிருக்குக் காரணம் இருந்தது. தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்குமுன் நானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கருவியைச் சோதிப்பேன். நம் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். என் காதுக்கு எந்த ஒலி எவ்வளவு மெலிதாகக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். அதில் மாற்றம் தெரிந்தால் கருவியில் கோளாறு. நோட்டில் தேதி, அளவு, 'கேட்டவர்' என்ற கட்டத்தில் என் கையெழுத்து. அந்த வருடம் கீச்சென்ற மேல் ஒலி மட்டும் எனக்குக் கேட்கத் தாமதமாயிற்று. இருபது டெசிபல் கூட்டிவைத்தால்தான் கேட்டது. ஹெட்போன் தேய்ந்துவிட்டது, ஒலியைக் குறைத்துத் தருகிறது என்று முடிவு கட்டினேன். ரிப்பேருக்கு அனுப்பினால் பரிசோதனையை நிறுத்த வேண்டும். அதனால் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். வருகிறவர்கள் எல்லாருக்கும் அந்த ஒலியில் மட்டும் இருபதைக் கழித்து, அந்த அளவுக்குக் காது நன்றாகக் கேட்பதாக எழுதினேன். எட்டு மாதம் அப்படியே எழுதினேன்.

நாலு வயது விக்கியை அவன் அம்மா கௌரி சாந்தோம் குப்பத்திலிருந்து கூட்டி வந்ததும் அந்த எட்டு மாதத்துக்குள்தான். பேச்சு தெளிவாக இல்லை என்று வந்தாள். காது நன்றாக இருக்கிறது என்று எழுதி, பேச்சுப் பயிற்சிக்காக உன்னிடம் அனுப்பினேன். கண்ணாடி முன்னால் உட்கார வைத்து மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றாய். ஒருநாள் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு ஒலியாகச் சொன்னாய். 'ஆ'வுக்குத் திரும்பினான். 'ம்'முக்குத் திரும்பினான். 'ஸ்' என்றபோது பொம்மைக் காரை உருட்டிக்கொண்டே இருந்தான். மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு நேரே என் அறைக்கு வந்தாய்.

"மயிலாப்பூர், அவனுக்குக் கேக்கலடி."

"என் ரிப்போர்ட் பார்த்தியோ இல்லியோ?"

"பார்த்தேன். அதுக்கு அப்புறம் அவனையும் பார்த்தேன்."

கழித்த கதையை அப்போதுதான் உன்னிடம் சொன்னேன். நீ நோட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினாய். "ஹெட்போன் கெட்டுச்சுன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா கெடும்?" என்று கேட்டாய். நான் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். மறுநாளே நீ போன் போட்டுக் கூப்பிட்டு, அந்தப் பாழாய்ப்போன சுற்றறிக்கையின்படி இன்ஜினியர் வந்தார். ஒரு மணி நேரம் சோதித்தார். "கருவியில் குறையில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காபி குடித்துப் போனார்.

பிறகு என்னைச் சத்தம் புகாத அறைக்குள் உட்கார வைத்துவிட்டு, என் நாற்காலியில் நீ உட்கார்ந்தாய். ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். கண்ணாடி வழியாக உன் முகம் மட்டும் தெரிந்தது. நீ குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தாய், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வயதுதான், வேறொன்றுமில்லை. ஆனால் அன்று அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். கதவைத் திறந்து வந்து என் தலையை உன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாய். அதற்கப்புறம் சொன்னது: "நாளைக்கே எல்லாரையும் கூப்பிடணும்டி."

கூப்பிட்டேன். ஒருத்தர் விடாமல் கூப்பிட்டு, மறுபடி பரிசோதித்தேன். விக்கிக்கு அந்த மாதமே காதுக் கருவி பொருத்தினோம். ஆனால் எல்லாரிடமும் நான் சொன்னது ஒரே பொய்: மெஷினில் சின்னக் கோளாறு. கௌரி என்னிடம் கோபப்படவே இல்லை. "மெசின்தானே மேடம், அதுக்கு இன்னா தெரியும்" என்று எனக்கே சமாதானம் சொன்னாள். நீ அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அவள் போனபின், "மெஷின் மேல பழி போட்டுட்டியே, பாவம்டி அது" என்றாய். "நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்." அதோடு சரி. அடுத்த பன்னிரண்டு வருடம் அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. மறுநாள் காலையிலிருந்து ஹெட்போனை நீ மாட்டிக்கொண்டாய், 'கேட்டவர்' கட்டத்தில் உன் கையெழுத்து வந்தது. எனக்குக் காதுக் கருவி மாட்டிவிட்டு, "மைனர் செயின் மாதிரி கீது, நல்லா கீது" என்று கேலி செய்தாய்.

போன டிசம்பரில் உன் அடக்கப் பூசைக்கு வந்திருந்தேன். கடைசி வரிசைக்கு முந்தின பெஞ்சு. உன் தங்கை மகள் வாசகம் படித்து முடித்ததும் கோயில் முழுக்க "இறைவா உமக்கு நன்றி" என்றது. எனக்கு வாய் திறக்கவில்லை. எதற்கு நன்றி சொல்வது என்று ஆத்திரமாக இருந்தது. இப்போது காலையில் ஹெட்போன் மாட்டுவது உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண். நல்லவள்தான், சுற்றறிக்கையை மனசுக்குள் படிக்கிறாள்.

இன்று அச்சு எடுத்து முடித்ததும் கௌரி, கல்லூரியில் ஊனச் சான்றிதழுக்குப் பழைய தாள்கள் கேட்கிறார்கள், ஃபைலை முழுசாக நகல் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். தருகிறேன் என்று அலமாரியைத் திறந்தேன். விக்கியின் கோப்பில் என் முதல் ரிப்போர்ட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் உன் கையெழுத்தில் ஒரு தாள். நான் பார்த்ததே இல்லை. பச்சை மை. "முதல் பரிசோதனை முடிவு தவறு. கருவியில் குறையில்லை. பரிசோதித்தவரின் கேட்கும் திறன் குறைந்திருந்தது. குடும்பத்துக்கு இதை அவரே சொல்வார்." கீழே உன் பதிவு எண், தேதி.

கோப்பில் பொய் இருக்கக் கூடாது என்பதும் ஏதோ ஒரு சுற்றறிக்கையில் நீ ராகமாகப் படித்ததுதான். பாவி, அத்தனை வருடமும் எழுதி வைத்துவிட்டா என்னோடு பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளைத் தனியாக எடுத்தேன். இழுப்பறையைத் திறந்தேன். ஒரு தாள் இல்லையென்றால் யாருக்குத் தெரியப்போகிறது? மூடிய கதவுக்கு அப்பால் அவன் தன் அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. 'பஸ் பாஸ்' பற்றிய பேச்சு. இரண்டு 'ஸ்'ஸும் என் காதுக் கருவியில் தெளிவாக விழுந்தன. நீ உட்கார்ந்து செதுக்கிய ஒலி. தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, முழுக் கோப்பையும் நகல் எடுத்து வந்தேன்.

அவர்கள் எதிரில் உட்கார்ந்து, அந்தத் தாளை மேலே வைத்துப் படித்துக் காட்டினேன். பிறகு வாயால் சொன்னேன். "மெஷின் நல்லாதான் இருந்தது கௌரி. என் காதுதான் கெட்டுப்போயிருந்தது. தெரிஞ்சப்புறமும் நான் பொய் சொன்னேன்."

கௌரி அந்தப் பச்சை எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"அந்த மாசமெல்லாம் நான் இவன அடிச்சேன் மேடம்," என்றாள். "சொல்றது ஒண்ணு, செய்றது ஒண்ணுனு தெனிக்கும் அடிச்சேன். காது நல்லா கீதுனு நீங்க எழுதிக் குட்த்தீங்களே, அப்ப வேணும்னேதான் பண்றான்னு அடிச்சேன்."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று சொல்லும்போதே தெரிந்தது.

"டீச்சரம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். என்னைச் சொல்லச் சொன்னா. நான்தான் சொல்லலை."

"அதான். எப்ப வந்தாலும் இவன் கைய புடிச்சிக்கினே நிப்பாங்க," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வழக்கமாக "வர்றேன் மேடம்" என்பவள் இன்று ஒன்றும் சொல்லாமல் படி இறங்கினாள். விக்கி கோப்பை மார்போடு பிடித்துக்கொண்டு பின்னால் போனான். பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறி வந்து, கதவருகே நின்றான்.

"மேடம், அச்சு திங்கக்கெழம வந்துருமா? காலைலயா, சாயங்காலமா?"

"காலையில" என்றேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கி ஓடினான்.

கௌரியும் வருவாளா என்று தெரியவில்லை. மற்ற குடும்பங்களின் கோப்புகளையும் எடுத்து வெளியே அடுக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் உன் பச்சைத் தாள் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன். நாளையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். இந்தத் தடவை வேறு மாதிரிப் பேச வேண்டும். பன்னிரண்டு வருடமாக நீ எனக்காகத் தூக்கிச் சுமந்ததை இனி நான் தூக்கிக்கொள்கிறேன்.

மதியம் யாரும் வரவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. உன் கண்ணாடிக்கு முன்னால் எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பதினான்கு பக்கத்தையும் உரக்கப் படித்தேன். ராகம் எனக்கு வரவில்லை. உள்ளே இருந்த அந்தப் புதுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் காகிதத்தை உயர்த்தி, இது கவுன்சில் வழங்கும் அருள்வாக்கு என்றேன். நீ காத்திருப்பாயே, அதே அளவு நேரம் நானும் காத்திருந்தேன்.

இறைவா உமக்கு நன்றி.