ஒரு நெல் கனம்

மாமா,

இன்று முகத்துவாரத்தில் நீ நட்ட கழியில் முடிச்சை அவிழ்த்தேன். வலை நூல் உப்பேறி இறுகிக் கிடந்தது. அடிமணலைத் தொட்டுப் பார்த்து, புது நூலைச் சரியான உயரத்தில் கட்டினேன். பழைய தடத்துக்கும் புதியதற்கும் நடுவே விரலை வைத்து அளந்தேன். ஏறக்குறைய எட்டு விரல்! 

தண்ணீர் முடிச்சைத் தொட்டால் சரக்குத் தோணி கடலுக்குப் போகலாம். மணல் மேடேறும் என்பதால் அமாவாசைதோறும் முடிச்சை உயர்த்திக் கட்டுவாய். போன அமாவாசைக்குக் கட்டவில்லை. நான் சொன்னதால்.

கோட்டையில் அளவைக் கணக்குப் பார்க்கும் ஒல்லாந்தருக்கு அளவுக்கயிறு பிடிக்கும் கர்வம் எனக்கு. ஓடும் நீருக்கு ஒரே கணத்தில் என்ன வேகம் என்று அவர் கண்டுபிடிப்பதை உனக்கு எழுதிக் காட்டினேன். சிறு நேரம் ஒன்றை எடுத்து, அதில் நீர் கடந்த தூரத்தை அதாலேயே வகுத்து, விடையில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு நேரத்தைக் கடைசியில் அடித்துவிடுவார்.

நீ சிரித்தாய். "இருக்குன்னு சொல்லித்தானே வகுத்தாரு? இப்ப இல்லன்னு அடிக்கிறாரு. இன்னாடா கணக்கு இது?"

எனக்குச் சுருக்கென்றது. "அவ்ளோ சின்னது மாமா. ஒரு தபா தண்ணி ஏறி எறங்கினா ஒரு நெல் கனம் மணல் சேருமே, அது மாதிரி. வுட்டுடலாம்."

"மெய்யாலுமே முடிச்ச ஒசத்தாம வுட்டுடலாமா?"

"வுட்டுடு."

"நெசமாத்தானே சொல்ற?"

தலையாட்டினேன். அமாவாசைக்கு மறுநாள் தண்ணீர் முடிச்சைத் தொட்டது. நீ புறப்பட்டாய். தோணி மணலில் தட்டி அலையில் கவிழ்ந்தது.

நாளுக்கு இரண்டு ஏற்றம். மாதத்துக்கு அறுபது நெல். எட்டு நெல் ஒரு விரல். இதைக் கூட்டத் தெரியாதவனா நான்?

ஒல்லாந்தரிடம் கேட்டேன். தலை நிமிராமல் சொன்னார்: "நேரத்தைக் குறுக்கக் குறுக்க எந்த மிச்சம் தானும் தேய்ந்துபோகுமோ, அதை மட்டும்தான் அடிப்பேன். மணல் தேயுமா?" அடிப்பதை மட்டும் பார்த்திருந்தேன். எதற்காக அடிக்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"அலைதான் கொண்டுபோச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் உன்னைக் கட்டிய அக்கா சொல்லி அழுகிறாள். பழைய நூல் என் மடியில் இருக்கிறது. விடிந்ததும் அவள் கையில் கொடுத்து உண்மையைச் சொல்வேன். அதன்பின் அவள் என் முகத்தில் விழிப்பாளோ, மாட்டாளோ.

நீ இரண்டு முறை கேட்டாய், மாமா. நான் ஒருமுறைகூட அளக்கவில்லை.